வாய்வழி நீரேற்றக் கரைசல்
வயிற்றுப்போக்கிலும் காலராவிலும் உடல் இழக்கும் நீரையும் உப்புகளையும் ஈடுசெய்யக் குடிக்கத் தரும் கரைசல், வழக்கில் ஓ.ஆர்.எஸ். பேதியை இது நிறுத்துவதில்லை, உயிரைப் பறிக்கும் நீரிழப்பைத் தடுக்கிறது. சிறுகுடல் சுவரில் குளுக்கோஸும் சோடியமும் சேர்ந்தே உட்செல்ல, அவற்றைத் தொடர்ந்து நீரும் செல்கிறது. கடும் காலராவிலும் இந்த வழி அடைபடாது. குளுக்கோஸ் இல்லாத வெறும் உப்புநீர் இதற்கு உதவாது.

1968இல் டாக்காவில் டேவிட் நாலினும் ரிச்சர்ட் கேஷும் காலரா நோயாளிகளிடம் இதன் பயனை நிறுவினர். உண்மையான சோதனை 1971இல், வங்கதேசப் போர் அகதிகள் குவிந்த மேற்கு வங்கத்தின் போன்காவில் வந்தது. நரம்பில் ஏற்றும் திரவத்துக்குத் தட்டுப்பாடு ஏற்பட, மருத்துவர் திலீப் மகலனாபிஸ் லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சமையலுப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்று கலந்து, நோயாளிகளின் உறவினர்களையே புகட்டச் செய்தார். சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. நாடு அவருக்குப் பத்ம விபூஷண் அளித்தது 2023இல். அதற்குள் அவர் மறைந்திருந்தார்.

2002 முதல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பது உப்பும் குளுக்கோஸும் குறைத்த கலவை: லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் உப்பு, 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் சோடியம் சிட்ரேட். குழந்தைகளுக்குத் துத்தநாக மாத்திரையும் 10 முதல் 14 நாள் தரப்படும்.

பாக்கெட்டில் குறித்த அளவு நீரில் முழுப் பொடியையும் கரைக்க வேண்டும். கண்ணளவாகப் பாதிப் பொடி போடுவது தவறு. குழந்தை வாந்தியெடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, கரண்டி கரண்டியாக மெதுவாகத் தொடரலாம். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. 24 மணி நேரத்துக்குப் பின் மீந்ததைக் கொட்டிவிட வேண்டும்.