நாய்க்குட்டிகளைச் சமூகத்துக்குப் பழக்குதல்

நாய்க்குட்டிகளைச் சமூகத்துக்குப் பழக்குதல் என்பது, ஒரு குட்டி தன் வாழ்நாளில் எதிர்கொள்ளவிருக்கும் மனிதர், பிற விலங்குகள், ஒலிகள், இடங்கள் ஆகியவற்றை இளம் பருவத்திலேயே அச்சமின்றி அறிந்துகொள்ளச் செய்வதாகும். கட்டளைக்குக் கீழ்ப்படியக் கற்பிக்கும் பயிற்சி இதிலிருந்து வேறானது. பிறவியிலேயே நிதான குணம் கொண்ட நாய்க்கு இப்பழக்கம் தேவையில்லை என்ற கருத்து வளர்ப்போரிடையே உண்டு. ஆய்வுகள் இதனை ஆதரிக்கவில்லை. அத்தகைய நாய்க்குச் சிறிதளவே போதுமானதாக இருக்கலாம். எனினும் அச்சிறிதளவும் உரிய பருவத்தில் கிடைத்தாக வேண்டும்.

உணர்திறன் பருவம்

இத்துறையின் அடிப்படை ஆய்வுகள் ஐக்கிய அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்திலுள்ள ஜாக்சன் ஆய்வகத்தில் நடைபெற்றன. 1961 இல் பிரீட்மன், கிங், எலியட் ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், வேலியிட்ட நிலத்தில் மனிதத் தொடர்பின்றி வளர்ந்த குட்டிகள் 2, 3, 5, 7, 9 ஆகிய வாரங்களில் தனித்தனிக் குழுக்களாக வெளியே எடுக்கப்பட்டு, ஒரு வாரம் மட்டும் மனிதருடன் பழக விடப்பட்டன. 14 ஆம் வாரம் வரை மனிதத் தொடர்பே இல்லாதிருந்த குட்டிகள் பின்னர் மனிதரைக் கண்டு மிகவும் அஞ்சின. இதனடிப்படையில் ஏறத்தாழ 3 முதல் 12 வாரங்கள் வரையான காலம் உணர்திறன் பருவம் எனக் கொள்ளப்படுகிறது.

இப்பருவம் எல்லா நாய்களுக்கும் ஒரே நாளில் முடிவதில்லை. உருசியாவின் நோவோசிபிர்சுக் நகரில் 1959 இல் பெல்யாயெவ் தொடங்கிய நரி வளர்ப்பு ஆய்வு இதற்கு நல்ல விளக்கம் தருகிறது. சாதாரண நரிக்குட்டிகளிடம் 6 ஆம் வாரத்தில் தோன்றும் அச்சம், சாந்த குணத்துக்காகத் தலைமுறை தலைமுறையாகத் தெரிவு செய்யப்பட்ட நரிகளிடம் 9 ஆம் வாரம் அல்லது அதன் பின்னரே தோன்றியது. அதாவது, பரம்பரையாக வரும் சாந்த குணம் கதவை நெடுநேரம் திறந்து வைக்கிறது. உள்ளே வருவது எது என்பதை வளர்ப்பவரே முடிவு செய்கிறார்.

எவ்வளவு தேவை

வாரத்துக்கு இருமுறை, முறைக்கு 20 நிமிடம் மனிதத் தொடர்பு கிடைத்தாலே குட்டிகள் மனிதருடன் இயல்பாகப் பழகும் என்று 1967 இல் ஃபுல்லர் கண்டறிந்தார். இது ஆய்வகச் சூழலுக்குரிய குறைந்தபட்ச அளவு. சந்தைத் தெருவில் வாழப்போகும் நாய்க்கு இதையே அளவுகோலாகக் கொள்ள முடியாது.

பார்வையற்றோருக்கான வழிகாட்டி நாய்கள் நிதான குணத்துக்கென்றே தெரிந்தெடுத்து இனப்பெருக்கம் செய்யப்படுபவை. ஆயினும் பிரித்தானியாவில் இத்தகைய குட்டிகளுக்கு முதல் 6 வாரங்களில் நாளொன்றுக்கு 5 முதல் 15 நிமிடங்கள் கூடுதலாகத் தொடுதலும் ஒலி, பொருள் அறிமுகமும் அளித்தபோது, அவை 8 மாத வயதில் மற்றக் குட்டிகளைவிடக் குறைந்த பதற்றம் காட்டின (2017). நிதானமான நாயிடமும் இன்னும் பெறக்கூடியது இருந்தது என்பதே இதன் பொருள்.

எண்ணிக்கையைவிட அனுபவத்தின் தன்மை முக்கியமானது. நிதானமான குட்டி திடுக்கிட்டாலும் சில நொடிகளில் மீண்டு, அஞ்சிய பொருளை முகர்ந்து பார்க்க வரும். ஒடுங்குதல், வாலை இடுக்குதல், தின்பண்டத்தை மறுத்தல் ஆகியவை தொடர்ந்தால் தொலைவைக் கூட்ட வேண்டும். கூட்டத்துக்குள் இழுத்துச் சென்று "பழகட்டும்" என விடுவது பெரும்பாலும் எதிர்விளைவையே தரும். முகூர்த்த நாட்களில் மேளமும் வாகனங்களும் நிறைந்திருக்கும் கடலூர் அருகிலுள்ள திருவந்திபுரம் போன்ற ஊரில், குட்டி முதலில் தெருக்கோடியிலிருந்து தவிலைக் கேட்பதே போதுமான பாடம்.

தமிழக நாயினங்கள்

விருதுநகர் மாவட்டத்தின் இராசபாளையம் நாய், தேனி மாவட்டத்தின் கோம்பை நாய் ஆகியவை காவலுக்குப் பெயர் பெற்றவை. அந்நியரிடம் விலகி நிற்பது இவற்றின் இயல்பு. இதனை அச்சத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. யாரும் தொடாமல் வளர்த்தால் காவல் கூர்மையாகும் என்பது பரவலான நம்பிக்கை. அவ்வாறு வளர்ந்த நாய் எதைத் துரத்த வேண்டும் என்று அறியாமல், அஞ்சும் எதையும் கடிக்கக்கூடும். பெரும்பாலும் அது விருந்தினரின் குழந்தையாகவோ அஞ்சற்காரராகவோ இருக்கும். வெண்ணிற இராசபாளையம் நாய்களில் பிறவிச் செவிட்டுத்தன்மை காணப்படுவதால், குட்டி ஒலிக்கு அஞ்சாமல் இருப்பதை நிதானம் என எண்ணும் முன் அதன் கேட்கும் திறனைச் சோதித்தல் நன்று. செவிட்டு நாயைப் பின்னாலிருந்து தொடும்போது அது திடுக்கிடாதிருக்கத் தனிப் பழக்கம் தேவை.

தடுப்பூசியும் வயதும்

பார்வோ தீநுண்ம நோய்க்கு அஞ்சி, தடுப்பூசிகள் முடியும் வரை குட்டியை வீட்டுக்குள்ளேயே வைப்பது வழக்கம். அதற்குள் உணர்திறன் பருவம் முடிந்துவிடுகிறது. விலங்கு நடத்தைக்கான அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சங்கம், முதல் தடுப்பூசி போட்டு 7 நாட்கள் கழிந்தபின் 7 அல்லது 8 வார வயதிலேயே குட்டிகளைப் பழக்கத் தொடங்கலாம் என 2008 இல் அறிவுறுத்தியது. தெருநாய்கள் மிகுந்த ஊர்களில் குட்டியைத் தரையில் விடாது கையில் ஏந்திச் சென்று காட்டலாம். தடுப்பூசி போடப்பட்ட, நோயற்ற வளர்ப்பு நாய்கள் உள்ள வீடுகளுக்கும் அழைத்துச் செல்லலாம்.

இந்தியாவில் 2017 ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்கம், விற்பனை விதிகளின்படி 8 வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. ஆகவே பருவத்தின் முற்பகுதி முழுதும் குட்டியை ஈன்ற வீட்டிலேயே கழிகிறது. வாங்குவோர் தாய் நாயின் குணத்தையும், குட்டிகள் வீட்டாரோடு வளர்ந்தனவா அல்லது கொட்டடியில் அடைபட்டிருந்தனவா என்பதையும் நேரில் பார்த்தறிவது இதனாலேயே வலியுறுத்தப்படுகிறது.