போதைப்பொருளோடு பிடிபட்டால் சிறையா, சிகிச்சையா? ஓரிகன் சொல்லும் பாடமும், நம் சட்டத்தில் உள்ள வழியும்

இடுப்பு ஒடிந்த மாதிரி குனிந்தபடி நடுத்தெருவில் உறைந்து நிற்கும் மனிதர்கள். நடைபாதை முழுக்கக் கூடாரங்கள். "அமெரிக்காவில் போதைக்கு அனுமதி கொடுத்ததால் வந்த வினை" என்ற வரியோடு இப்படி ஒரு வீடியோ உங்கள் வாட்ஸ்அப்புக்கும் வந்திருக்கலாம்.

ஆனால் இப்படிச் சுற்றும் வீடியோக்களில் பல, பிலடெல்பியா நகரின் கென்சிங்டன் பகுதியில் எடுக்கப்பட்டவை. அங்கே ஹெராயின், ஃபெண்டானில் வைத்திருப்பது அன்றும் குற்றம், இன்றும் குற்றம். அப்போ, தண்டனையை நீக்கிய மாநிலத்தில் என்னதான் நடந்தது? சேதராப்பட்டில் இருக்கும் ஒரு குடும்பம் இதில் தெரிந்துகொள்ள என்ன இருக்கு? பார்க்கலாம்.

ஓரிகன் மாநிலம் செய்தது என்ன?

2020 நவம்பரில் 'மெஷர் 110' என்ற திட்டத்துக்கு ஓரிகன் மக்கள் வாக்களித்தார்கள். ஆதரவு சுமார் 58 சதவீதம். 2021 பிப்ரவரி 1 முதல் அமலுக்கு வந்தது.

இதன்படி, சொந்தப் பயன்பாட்டுக்குச் சிறிதளவு ஹெராயின், கொக்கைன் போன்றவை வைத்திருந்தால் கைது கிடையாது. 100 டாலர் அபராதச் சீட்டு மட்டும்தான். ஹெல்ப்லைனுக்கு போன் செய்து ஆலோசனை பெற்றால் அந்த அபராதமும் தள்ளுபடி. விற்பது மட்டும் பழையபடி குற்றம்.

இதற்குப் பெயர் குற்றநீக்கம். கடை வைத்து விற்க அனுமதிப்பது சட்டப்பூர்வமாக்குதல். இரண்டும் வேறு வேறு.

எங்கே சறுக்கியது?

முதல் 15 மாதங்களில் அந்த ஹெல்ப்லைனுக்குப் பேசியவர்கள் 119 பேர்தான் என்று மாநிலத் தணிக்கை சொன்னது. சிகிச்சை மையங்களுக்குப் போக வேண்டிய நிதியும் தாமதமானது. அதாவது, தண்டனை போய்விட்டது; அந்த இடத்துக்குச் சிகிச்சை வந்து சேரவில்லை. 2024 ஏப்ரலில் ஆளுநர் டினா கோடெக் புதிய சட்டத்தில் கையெழுத்திட்டார். 2024 செப்டம்பர் 1 முதல் சிறிதளவு வைத்திருப்பதும் மீண்டும் குற்றம்.

போர்ட்லேண்ட் நகரம் சீரழிந்தது இதனால்தானா?

முழுக் காரணம் இது மட்டும் இல்லை. கொரோனாவால் நகர மையத்தில் அலுவலகங்கள் காலியாகின. வீட்டு வாடகை ஏற்கனவே எட்டாத உயரத்தில் இருந்தது. ஹெராயினைவிட சுமார் 50 மடங்கு வீரியமுள்ள ஃபெண்டானில் அதே ஆண்டுகளில்தான் அங்கே பரவியது. 2024 ஜனவரியில் நகர மையத்தில் 90 நாள் ஃபெண்டானில் அவசரநிலையே அறிவித்தார்கள். மரணங்கள் கூடியதற்குச் சட்டம் காரணமா, ஃபெண்டானில் காரணமா என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை.

போர்ச்சுகல் 2001-லேயே குற்றநீக்கம் செய்த நாடு. ஆனால் அங்கே பிடிபடுபவர் ஒரு குழுவின் முன் ஆஜராக வேண்டும். சிகிச்சைக்கு வழிகாட்டுவது அந்தக் குழுவின் வேலை.

நம் நாட்டில் நிலை என்ன?

1985-ல் வந்த என்.டி.பி.எஸ். சட்டம்தான் நாடு முழுக்க. சேதராப்பட்டில் இருந்து கொஞ்ச தூரம் வண்டி ஓட்டினால் தமிழ்நாடு வந்துவிடும். மதுச் சட்டமும் சரக்கு விலையும் மாறும். ஆனால் கஞ்சாவுக்கு எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே சட்டம்தான்.

கஞ்சா 1 கிலோ வரை 'சிறிய அளவு': ஓராண்டு வரை கடுங்காவல் அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும்.

1 கிலோவுக்கு மேல், 20 கிலோவுக்குள்: 10 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

'வணிக அளவு' என்பது 20 கிலோவுக்கு மேல்: குறைந்தது 10 ஆண்டு, அதிகபட்சம் 20 ஆண்டு சிறை.

சொந்தப் பயன்பாட்டுக்கான சிறிய அளவைக் குற்றப் பட்டியலில் இருந்து நீக்கலாம் என 2021-ல் மத்திய சமூக நீதி அமைச்சகம் பரிந்துரைத்ததாகச் செய்திகள் வந்தன. சட்டம் மாறவில்லை. 2024 மார்ச்சில் முத்தியால்பேட்டையில் 9 வயதுச் சிறுமி கொல்லப்பட்டபோது, கஞ்சாவை ஒழிக்கக் கோரி புதுச்சேரியே தெருவுக்கு வந்தது. இந்தக் கோபத்தின் நடுவே தண்டனையைக் குறைப்பது பற்றிப் பேசுவது எளிதல்ல.

பலருக்குத் தெரியாத 64ஏ பிரிவு

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா போலீஸ்ல மாட்டிக்குவானோ?" மகனின் சட்டைப் பையில் பொட்டலத்தைப் பார்த்த எந்த அம்மாவுக்கும் முதலில் வரும் பயம் இது.

சட்டத்திலேயே இதற்குப் பதில் இருக்கிறது. போதைக்கு அடிமையான ஒருவர் மீது பயன்படுத்தியதற்கோ, சிறிய அளவு தொடர்பான குற்றத்துக்கோ வழக்கு வந்தாலும், அவர் தானாக முன்வந்து, அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த மருத்துவமனையில் சிகிச்சை எடுத்தால் அந்த வழக்கில் இருந்து விலக்கு உண்டு. சிகிச்சையைப் பாதியில் விட்டால் விலக்கு ரத்தாகலாம்.

39-வது பிரிவின்படி, குற்றம் உறுதியான பிறகும், அவர் சம்மதித்தால் நீதிமன்றம் சிறைக்குப் பதில் சிகிச்சைக்கு அனுப்பலாம்.

எங்கே போவது?

கோரிமேட்டில் உள்ள ஜிப்மரின் மனநல மருத்துவத் துறையில் போதை மீட்புச் சிகிச்சை உண்டு. மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446. மனநல ஆலோசனைக்கு 14416.

ஓரிகன் தண்டனையை எடுத்தது, சிகிச்சையைத் தயாராக வைக்கவில்லை. நம்மிடம் தண்டனையும் இருக்கு, சிகிச்சைக்கான வழியும் சட்டத்திலேயே இருக்கு. அந்த வழி இருப்பது வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரிந்தால்தான் பயன்.