பட்டினத்தின் எல்லைக் கல்

மலைநாட்டுச் சிறு பட்டினங்களைப் பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும் அவற்றின் குளிரையும் பசுமையையும் எழுதி அமைந்துவிடுகின்றனர். அப்பட்டினங்கள் எவருடைய கூலியினால் உயிர் வாழ்கின்றன, அங்கு திரளும் பொதுப்பணம் எந்த இடத்தோடு நின்றுவிடுகின்றது என்ற வினாக்கள் எழுப்பப்படுவது அரிது. உள்ளூராட்சியின் சரித்திரத்தைப் படிக்கும் நாம் இவ்வினாக்களைத் தவிர்க்க முடியாது.

ஹற்றனை எடுத்துக்கொள்வோம். 1884இல் புகைவண்டிப் பாதை வந்து சேர்ந்ததும் இப்பட்டினம் தழைக்கத் தொடங்கிற்று. டிக்கோயா, நோர்வூட், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பள்ளத்தாக்குகளின் தேயிலைப் பெட்டிகள் இங்கேதான் புகைவண்டி ஏறின. அப்பள்ளத்தாக்குகளுக்கு வேண்டிய அரிசியும் துணியும் இங்கேதான் இறங்கின. கடைத்தெரு, சந்தை, தபாற்கந்தோர், வடிகால், தெருவிளக்கு என்று பட்டினத்துக்குரிய சின்னங்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. சம்பள நாளுக்கு மறுநாள் கடைத்தெருவைப் பார்த்தவர்களுக்கு அதன் பொருளாதாரத்தை விளக்கப் புள்ளிவிபரம் வேண்டியதில்லை. தோட்டத்திலிருந்து இறங்கிவரும் கூட்டமே கடைக்காரரின் வருவாய். கடைக்காரரின் வருவாயே சந்தை வாடகையும் அனுமதிக் கட்டணமுமாக மாறி உள்ளூராட்சியின் பெட்டியில் விழுகின்றது. ஆயினும் அப்பணத்தில் இடப்பட்ட தார்ப்பாதை தோட்டத்து வாயிலோடு முடிந்தது. அதற்கு அப்பால் துரையின் ராச்சியம். தண்ணீருக்குப் பீலி, பிள்ளைக்குப் பிள்ளைக்காம்பரா, நோய்க்குத் தோட்டத்து மருந்துச்சாலை, குடியிருக்கப் பத்தடிக்குப் பன்னிரண்டடி லயத்துக் காம்பரா.

இந்த எல்லையை மலையோ ஆறோ வகுக்கவில்லை, சட்டமே வகுத்தது. அது வகுக்கப்பட்ட விதத்தைச் சற்று நின்று நோக்குதல் தகும்.

1871இல் பிரித்தானிய ஆட்சி கிராமச் சமுதாயக் கட்டளைச் சட்டத்தைப் பிறப்பித்துப் பழைய கம்சபாவை உயிர்ப்பிப்பதாகக் கூறிக்கொண்டது. உயிர்ப்பிக்கப்பட்டது அரசாங்க ஏசண்டரின் நிழலில் இயங்கிய ஒரு சபை என்பது வேறு விடயம். பட்டினமுமன்றிக் கிராமமுமன்றி நின்ற கடைவீதி ஊர்களுக்கு 1892ஆம் ஆண்டின் சிறு பட்டினச் சுகாதாரச் சட்டம் வந்தது. அதன்படி அமைந்த சபைகளை மக்கள் ‘சனிட்டரி போட்’ என்றே அழைத்தனர். குப்பை அள்ளுவதும் கானைத் துப்புரவாக்குவதும் அச்சபைகளின் பணி. அவற்றை நடத்தியோர் உத்தியோகத்தரும் உத்தியோகத்தரால் நியமிக்கப்பட்டோருமே.

தோட்டங்களோ இவ்விரு வகைக்குள்ளும் அடங்காதிருந்தன. தொழிலாளரின் வைத்தியத்துக்கெனத் தனிச்சட்டம், அவர்தம் பிள்ளைகளின் கல்விக்கெனத் தனி ஏற்பாடு, குடிவரவுக்கெனத் தனிச்சட்டம். கிராமத்து விவசாயியும் தோட்டத்துத் தொழிலாளியும் அடுத்தடுத்த மலைச்சரிவுகளில் வாழ்ந்தபோதும் இரு வேறு அரசுகளின் கீழ் வாழ்ந்தனர் என்றால் மிகையன்று.

1931இல் டொனமூர் அரசியலமைப்பு சர்வசன வாக்குரிமையைக் கொணர்ந்தது. அதே ஆண்டில் கோ. நடேசய்யர் ஹற்றனைத் தலைமையிடமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். அத்துமீறல் சட்டத்தின் பேரால் தொழிற்சங்கத்தார் தோட்டத்துள் கால்வைக்க இயலாதிருந்த அந்நாட்களில், அவர் துணி வியாபாரியின் கோலத்தில் லயங்களுக்குச் சென்றாரெனக் கூறப்படுவதை நாமறிவோம். 1936இல் அவரையே ஹற்றன் தொகுதி அரசாங்க சபைக்கு அனுப்பிற்று. சட்டங்களை இயற்றும் சபைக்கு ஒருவரைத் தெரிவு செய்யும் தகுதி தொழிலாளிக்கு உண்டென்று ஒப்புக்கொள்ளப்பட்டது. ஒரு கிணறு வெட்டவும் ஒரு பாதை போடவும் அதிகாரம் பெற்ற கிராமச் சங்கத்துக்கு வாக்களிக்கும் தகுதி மட்டும் அவனுக்கு இல்லை!

இம்முரண்பாடு தற்செயலாக நேர்ந்ததன்று. கிராமச் சமுதாயச் சட்டம் ஐரோப்பியரையும் பறங்கியரையும் தோட்டத்து இந்தியத் தொழிலாளரையும் விலக்கி வைத்திருந்தது. அச்சட்டத்தைத் திருத்தும் மசோதா 1937இல் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க உள்ளூராட்சி அமைச்சராயிருந்தபோது சபைக்கு வந்தது. முதலிரு சாராரின் விலக்கும் நீக்கப்பட்டது. மூன்றாமவரின் விலக்கு நிலைத்தது. இன பேதம் வெளிப்படையாகத் தெரிந்ததால் கண்டனம் எழுந்தது. இந்திய அரசாங்கமும் ஆட்சேபித்தது. அப்போது கண்டுபிடிக்கப்பட்ட பரிகாரத்தை வாசகர் கூர்ந்து கவனிக்க வேண்டும். ‘இந்தியர்’ என்ற சொல் அகற்றப்பட்டது. தோட்டத்தில் குடியிருக்கும் தொழிலாளர் எவ்வினத்தவராயினும் வாக்கில்லை என்று ஆயிற்று. பேதத்தை ஒழிக்குமாறு கேட்டோருக்கு, பேதத்தின் பெயரை ஒழித்துக் காட்டினர். இனத்தின் பெயரால் நின்ற வேலி வர்க்கத்தின் பெயரால் மறுபடியும் நடப்பட்டது. வர்க்கமும் இனமும் நம் நாட்டில் எவ்வாறு பின்னிக்கிடக்கின்றன என்பதற்கு மாணவர்களுக்குக் காட்ட இதனினும் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது.

பத்தாண்டுகள் கழிந்தபின் நிகழ்ந்தது யாவரும் அறிந்ததே. 1948ஆம், 1949ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் குடியுரிமையையும் பாராளுமன்ற வாக்கையும் பறித்தன. 1964ஆம் ஆண்டு ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் கதி பிற்பாட்டுக்கு ஒத்திவைக்கப்பட்டது. மனிதரைத் தொகையாக எண்ணிப் பிரித்த அக்காலத்தில் தெருவிளக்கையும் நூலகத்தையும் பற்றிப் பேசுவது அற்ப விடயமாகத் தோன்றியிருக்கலாம். ஆனால் இவ்விரண்டும் ஒரே சங்கிலியின் கண்ணிகள். ஊர்க் கிணற்றில் பங்கில்லாதவன் என்று முதலில் சொல்லப்பட்டவனிடந்தான் நாட்டிலும் பங்கில்லை என்று பின்னர் சொல்லப்பட்டது.

1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. துரை மாறினார், லயம் மாறவில்லை. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது ஓர் உண்மையான முன்னேற்றம். இன்று மலையகத்திலிருந்து எழும் ஆசிரியர் தலைமுறைக்கு அதுவே வித்து. உள்ளூராட்சியில் மட்டும் பழைய வேலி வேறொரு வடிவத்தில் மீண்டும் முளைத்தது. கிராம சபைகளும் பட்டின சபைகளும் ஒழிந்து, 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி பிரதேச சபைகள் பிறந்தன. குடியுரிமை மீண்டோர் வாக்களித்தனர். தோட்டத்துப் பிள்ளைகள் உறுப்பினராயினர். சிலர் தவிசாளராகவும் வீற்றிருந்தனர். ஆனால் அச்சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபையின் நிதியைத் தோட்டக் குடியிருப்புகளில் செலவிடுவதற்குத் தடையெனக் கொள்ளப்பட்டது. தோட்டம் தனியார் நிலமாம். தனியார் நிலத்தில் பொதுப்பணம் செல்லாதாம். லயத்து வாக்கினால் ஆசனம் பெற்ற உறுப்பினர் தாம் பிறந்த லயத்துக்கு ஒரு கொங்கிறீட் பாதை போட முடியாதிருந்தார். 1937இல் வாக்கு இல்லை; இப்போது வாக்கு இருந்தது, ஆனால் அந்த வாக்கின் கை தோட்டத்து வாயிலைத் தாண்டவில்லை.

சனத்தொகையின் கணக்கும் இதே கதையைக் கூறும். நாட்டின் பிற பகுதிகளில் சில பத்தாயிரம் பேருக்கு ஒரு பிரதேச சபை இருக்க, நுவரெலியா, அம்பகமுவ பிரதேச சபைகள் ஒவ்வொன்றும் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோரைச் சுமந்தன. நெடுநாளைய கோரிக்கையின் பின்னரே நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை ஆகிய புதிய சபைகள் பிரிக்கப்பட்டன. 2018 பெப்ரவரித் தேர்தலில் அவற்றுக்கு முதன்முறையாக உறுப்பினர் தெரிவாயினர். அவ்வாண்டிலேயே 33ஆம் பிரிவும் திருத்தப்பட்டது.

வேலி அகன்றதென மகிழ நமக்கும் விருப்பமே. சட்டம் திருந்தியபின் எஞ்சியவை காணியும் காசும். தோட்டக் காணி அரசினுடையது. 1992க்குப் பின் அதன் நிர்வாகம் கம்பனிகளின் கையில், நீண்டகாலக் குத்தகையில். தான் பிறந்து வளர்ந்த காம்பராவுக்கு உறுதிப்பத்திரமில்லாதவன் சபையின் முன் எந்த உரிமையைக் காட்டி நிற்பான்? காசைப் பொறுத்தவரை, புதிய சபைகளின் எல்லைக்குள் லயங்கள் மிகுதி, வரி தரும் கடைவீதிகள் குறைவு. இத்துடன் 2023 மார்ச்சில் சபைகளின் பதவிக்காலம் முடிந்தது. பணமில்லை என்று காரணங் காட்டப்பட்டுத் தேர்தல் ஒத்திப்போயிற்று. 2025 மேயில் அது நடைபெறும் வரை, உள்ளூராட்சி மன்றங்கள் மக்கள் பிரதிநிதிகளின்றி உத்தியோகத்தரால் நடத்தப்பட்டன. சனிட்டரி போட்டின் காலத்தை நினைவூட்டிய இரண்டு ஆண்டுகள் அவை.

தபாலைப் பற்றி ஒரு சொல். பட்டினத்துக் குடியானவனின் கடிதம் அவன் வீட்டு வாசலுக்கு வந்தது. தோட்டத்தவனின் கடிதமோ ‘தப்பால்’ பையில் கட்டப்பட்டுத் தோட்டக் கந்தோருக்குப் போய், அங்கே பிரிக்கப்பட்டு, எவர் கையிலேனும் கொடுத்தனுப்பப்பட்டது. நேர்முகப் பரீட்சைக்கு வருமாறு அழைத்த கடிதம் பரீட்சை முடிந்த பின்னர் கைக்கு எட்டிய கதைகளை மலையக ஆசிரியர் பலர் சொல்லக் கேட்டிருக்கின்றோம். லயத்துக் காம்பராவுக்குத் தனி விலாசம் வேண்டுமென்ற கோரிக்கை மலையகத்தில் பல தலைமுறைகளாக ஒலித்து வந்திருக்கின்றது.