கடைமடை நெல்லும் கூறுமானத் தொடர்புப் போக்கும்: ஒரு புள்ளியியல் வரலாற்று நோக்கு

முன்னுரை

காவிரிப் படுகையின் கடைமடையில் அமைந்த தரங்கம்பாடி வட்டாரத்தில் சம்பா நெல் மேட்டூர் நீரையும் வடகிழக்குப் பருவமழையையும் நம்பி விளைகிறது. பருவமழையின் மொத்த அளவு சராசரியை ஒட்டி அமைந்தாலும், நடவை அடுத்த ஒரே வாரத்தில் அது கொட்டித் தீர்த்தால் இளம்பயிர் மூழ்கும். அறுவடை வேளையில் பெய்தால் கதிர் சாயும். ஆகவே அறியத்தக்கவை இரண்டு: நாள்தோறும் மழை பெய்த போக்கு, விளைச்சலின் தாழ்ந்த எல்லை. இவ்விரண்டையும் இணைக்கும் புள்ளியியல் முறையின் வரலாற்றில் இந்தியப் பங்களிப்பை இக்கட்டுரை ஆராய்கிறது. கால்மானம், பதின்மானம், நூற்றுமானம் ஆகியவற்றின் பொதுப்பெயராகக் ‘கூறுமானம்’ என்பது இங்கு ஆளப்படுகிறது.

கூறுமானம்

1960இல் பி. சி. மகலனோபிஸ் ‘எக்கனாமெட்ரிக்கா’ இதழில் ஒரு வரைபட முறையை முன்வைத்தார். குடும்பங்களைப் பொருளாதார நிலைப்படி வரிசைப்படுத்திச் சம எண்ணிக்கையுள்ள குழுக்களாகப் பகுத்து, ஒவ்வொரு குழுவின் சராசரியையும் கோடாக வரைந்து, இரு கோடுகளுக்கு இடைப்பட்ட பரப்பால் வேறுபாட்டை அளப்பது அம்முறை. 1978இல் கோயன்கர், பாசெட் ஆகியோர் அதே இதழில் வெளியிட்ட கூறுமானத் தொடர்புப் போக்கு இதனின்று வேறானது. மகலனோபிஸ் கூறிட்டது காரணியை. அவ்விருவரும் கருதியது விளைவின் கூறுமானத்தை. எனவே முன்னதைப் பின்னதன் நேர் மூலமாகக் கொள்ளுதல் பொருந்தாது. சராசரி ஒன்றே போதாது என்னும் கருத்தளவிலேயே இரண்டும் உறவுடையன.

சார்புத் தரவு

1958இல் சி. ஆர். ராவ் வளர்ச்சிக் கோடுகளை முழுமையாக ஒப்பிடும் முறைகளை ஆராய்ந்தார். கோடு முழுவதையும் ஒரே தரவாகக் கொள்ளும் இந்நோக்கு, 1997இல் வெளிவந்த ராம்சே, சில்வர்மன் நூலால் தனித்துறையாக நிலைபெற்றது.

இணைவு

2005இல் கார்டோ, கிராம்ப், சார்தா ஆகியோர் காரணி சார்பாகவும் விளைவு எண்ணாகவும் அமையும் கூறுமானத் தொடர்புப் போக்கை உருவாக்கினர். இதனைக் கடைமடைக்குப் பொருத்தினால், ஒரு பருவத்தின் மழைக்கோடு காரணியாகும். விளைச்சலின் முதற்பதின்மானம் விளைவாகும். எந்த வாரத்து மழை அவ்வெல்லையைத் தாழ்த்துகிறது என்பதைக் கெழுச்சார்பு காட்டும். கோடுகளுக்கு இயல்பான வரிசை இல்லையாதலால் அவற்றுக்கே கூறுமானம் வரையறுப்பது அரிது. இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைச் சார்ந்த புரோபல் சவுத்ரி 1996இல் பல்மாறித் தரவுக்கு வகுத்த வடிவியல் கூறுமானம், 2014இல் அனிர்வன் சக்ரவர்த்தியுடன் அவர் எழுதிய கட்டுரையில் முடிவிலிப் பரிமாண வெளிக்கு விரிவுபெற்றது.

முடிவுரை

ஆண்டுக்கு ஒரு சம்பாப் பருவமே உண்டு. தாழ்ந்த கூறுமானத்தை மதிப்பிட நீண்ட பதிவுகள் தேவை. ஆதலால் ஊர்வாரியான மழை, விளைச்சல் பதிவுகளைத் தொகுத்தலே இம்முறையின் முதற்படி. இழப்பீட்டைச் சராசரியால் மட்டும் அளந்தால் கடைமடை உழவரின் இழப்பு அச்சராசரிக்குள் மறைந்துவிடும்.