படைப்பணி ஆவணங்களில் பெயர்த் திருத்தம்

ஓய்வுபெற்ற படைவீரர் தம்முடைய பெயரையோ மனைவி மக்களின் பெயரையோ படைப் பதிவேட்டில் திருத்தித் தரும்படி விண்ணப்பித்துப் பெறும் நடைமுறை, படைப்பணி ஆவணப் பெயர்த் திருத்தம் எனப்படும். இந்தியாவில் இதைச் செய்து தரவேண்டியது அவர் பணியாற்றிய ரெஜிமென்டின் ஆவண அலுவலகம். படைவீரர் பேச்சில் ‘ரெக்கார்ட் ஆபீஸ்’. ஓய்வூதியம், குடும்ப ஓய்வூதியம், மருத்துவ அட்டை, பிள்ளைகளுக்கான கல்விச் சலுகை ஆகிய அனைத்துக்கும் இப்பெயர்ப் பதிவே அடிப்படை.

பதிவுகள் இருக்கும் இடம்

ஆளெடுப்பின்போது எழுதப்படும் பெயர், தகப்பன் பெயர், ஊர், பிறந்த தேதி ஆகியவை ‘ஷீட் ரோல்’ எனும் பணி ஆவணத்தில் ஏறுகின்றன. திருமணம், குழந்தைப் பிறப்பு, பதவி உயர்வு போன்ற பின்வரும் மாற்றங்கள் ‘பார்ட் டூ ஆர்டர்’ வழியாக அதில் சேர்க்கப்படும். விடுவிக்கப்படும் நாளில் கையில் கிடைக்கும் டிஸ்சார்ஜ் புக், இந்தப் பதிவின் சுருக்கம்தான்.

தரைப்படையில் ஆவண அலுவலகம் பிரிவுக்கு ஒன்றாக நாடெங்கும் பரவியுள்ளது. மெட்ராஸ் ரெஜிமென்டுக்கு நீலகிரியில் உள்ள வெலிங்டன்; மெட்ராஸ் எஞ்சினியர் குரூப்புக்குப் பெங்களூரு; சிக்னல்ஸ் பிரிவுக்கு ஜபல்பூர்; பீரங்கிப் படைக்கு நாசிக் ரோடு; இ.எம்.இ. எனும் மின்னணு, இயந்திரப் பொறியாளர் பிரிவுக்குச் செகந்தராபாத்; டி.எஸ்.சி. எனும் பாதுகாப்புக் காவல் படைக்குக் கண்ணூர். கடற்படை மாலுமிகளின் ஆவணங்கள் மும்பையிலும் விமானப்படை வீரர்களின் ஆவணங்கள் டெல்லி சுப்ரதோ பார்க்கிலும் உள்ளன. ஆகவே ஒரே தெருவில் குடியிருக்கும் இரு முன்னாள் வீரர்கள், ஒரே வகைப் பிழைக்கு வெவ்வேறு மாநிலங்களுக்கு விண்ணப்பம் அனுப்ப நேரிடும்.

பிழை நேரும் வழிகள்

தமிழ்ப் பெயர்களில் இத்தகைய பிழை மிகுதியாக நேர்வதற்குக் காரணம் இனிஷியல். எடுத்துக்காட்டாக, எம். செல்வராஜ் என்று படையில் சேர்ந்தவரின் பெயர் ஷீட் ரோலில் ‘செல்வராஜ் எம்’ என்று இருக்கும். பான் அட்டையில் இனிஷியலுக்கு இடமில்லாததால் தகப்பன் பெயர் விரிந்து ‘செல்வராஜ் முனுசாமி’ ஆகிவிடும். ஆதாரில் வெறும் ‘செல்வராஜ்’ மட்டும் இருக்கலாம். ஊரார் கண்ணுக்கு மூன்றும் ஒரே ஆள். எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் கணினிக்கு மூவர்.

மனைவி பெயரில் சிக்கல் இன்னும் கூடுதல். தனலட்சுமி என்ற பெயர் ஓர் ஆவணத்தில் ‘தனலெட்சுமி’ என்றும், வீட்டில் அழைக்கும் ‘தனம்’ என்றும் பதிவாகியிருக்கலாம். ஆங்கிலத்தில் எழுதும்போது முதல் எழுத்தே ஆவணத்துக்கு ஆவணம் வேறுபடும். 2022க்கு முன் சிப்பாயாகச் சேர்ந்தவர் 15 ஆண்டுப் பணி முடிந்தாலே ஓய்வூதியத்துக்குத் தகுதி பெறுவதால், பலர் நாற்பது வயதை ஒட்டியே வீடு திரும்பிவிடுகிறார்கள். அப்போது கவனிக்கப்படாத பிழை, வெளிப்படுவதற்குள் இன்னும் பல பத்தாண்டுகள் கழிந்துவிடக்கூடும்.

வட சென்னைச் சூழல்

எடுத்துக்காட்டாக, வட சென்னையில் திருவொற்றியூரை அடுத்த சாத்தாங்காட்டுப் பகுதிக்காரரின் ஆவணங்களில் பெயரோடு ஊர்ப் பதிவும் சேர்ந்து குழப்பும். இவ்வட்டாரம் முன்பு செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. 1997இல் திருவள்ளூர் மாவட்டத்துக்குப் போனது. 2011இல் திருவொற்றியூர் சென்னை மாநகராட்சியில் இணைந்தது. 2018இல் திருவொற்றியூர் வட்டமே சென்னை மாவட்டத்துக்கு வந்தது. வீடு மாறாமலே ஒருவருடைய மாவட்டம் மூன்று முறை வெவ்வேறாக எழுதப்பட்டிருக்க முடியும். பெயரும் மாவட்டமும் ஒருசேர வேறுபடும்போது, ஆள் ஒருவரே என்று நிறுவக் கூடுதல் சான்று தேவைப்படுகிறது.

ஓய்வுக்குப் பின் காவல் பணிக்குச் செல்லும் வீரர்களுக்கும் இந்தப் பெயர் வேறுபாட்டுச் சிக்கல் உண்டு. தமிழ்நாடு அரசு 1986இல் தொடங்கிய டெக்ஸ்கோ எனும் முன்னாள் படைவீரர் கழகம் போன்ற அமைப்புகள் வழியாக வேலைக்குச் சேரும்போது, டிஸ்சார்ஜ் புக்கில் உள்ள பெயரே முதல் சான்று. வருங்கால வைப்பு நிதியோ ஆதார்ப் பெயரைக் கேட்கும்.

திருத்தமும் மாற்றமும்

எழுத்துப் பிழையைச் சரிசெய்வது திருத்தம். புதிய பெயரை ஏற்பது மாற்றம். முன்னதற்குப் பள்ளிச் சான்றிதழ் போன்ற பழைய ஆவணம் வலுவான ஆதாரம். பின்னதற்கு அரசிதழ் அறிவிப்பு தேவை. தமிழ்நாட்டில் எழுதுபொருள் மற்றும் அச்சுத்துறை அதை வெளியிடுகிறது. விண்ணப்பத்தில் இவ்விரண்டில் எது என்பதைத் தெளிவாக எழுதாவிட்டால் அது திரும்பி வரும்.

நடைமுறை

விண்ணப்பத்துடன் பொதுவாகக் கேட்கப்படுபவை: குற்றவியல் நடுவர் முன் உறுதியளித்த பிரமாணப் பத்திரம், ஆங்கில நாளிதழ் ஒன்றிலும் தமிழ் நாளிதழ் ஒன்றிலும் வந்த விளம்பரம், ஆதார், பான், டிஸ்சார்ஜ் புக், பி.பி.ஓ. எனும் ஓய்வூதிய ஆணை ஆகியவற்றின் நகல்கள். பெயர் மாற்றமாயின் அரசிதழ்ப் பிரதியும் வேண்டும். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இவற்றைச் சரிபார்த்து ஆவண அலுவலகத்துக்கு அனுப்பும். அங்கே பார்ட் டூ ஆர்டர் வெளியானதும், பிரயாக்ராஜில் உள்ள பாதுகாப்புக் கணக்குத் துறையின் ஓய்வூதிய அலுவலகம் திருத்த பி.பி.ஓ. வழங்கும். ஓய்வூதியம் ‘ஸ்பார்ஷ்’ இணையத் தளத்துக்கு மாறியபின், அதிலுள்ள பெயரும் ஆதார்ப் பெயரும் ஒத்துப்போவது முன்னைவிட முக்கியமாகிவிட்டது.

கோரிக்கை மறுக்கப்பட்டால் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தை நாடலாம். 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இத்தீர்ப்பாயத்தின் கிளை சென்னையிலும் உண்டு. இறுதி ஆணை வந்த ஆறு மாதத்துக்குள் மனுச் செய்ய வேண்டும். தக்க காரணம் காட்டினால் தாமதத்தைத் தீர்ப்பாயம் மன்னிக்கலாம்.

ஆவணங்களுக்கும் ஆயுள் உண்டு. ஓய்வூதியமின்றி விலகியவர்களின் பணி ஆவணங்கள் 25 ஆண்டுகளுக்குப் பின் அழிக்கப்படுகின்றன. ‘லாங் ரோல்’ எனும் பேரேட்டுக் குறிப்பு மட்டும் எஞ்சும். அதன்பின் திருத்தம் கோருபவருக்குக் கையிலுள்ள காகிதமே துணை.

பாலின அடையாளமும் பெயரும்

உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15 அன்று நால்சா எனும் தேசியச் சட்டப்பணிகள் ஆணைக்குழு தொடுத்த வழக்கில் அளித்த தீர்ப்பு, திருநர் தம் பாலினத்தைத் தாமே தெரிவு செய்யும் உரிமையை ஏற்றது. திருநர் உரிமைப் பாதுகாப்புக்கான 2019ஆம் ஆண்டுச் சட்டம், அடையாளச் சான்றிதழ் பெற்றவர் தம் அடையாளம் குறித்த எல்லா அலுவல் ஆவணங்களிலும் முதற்பெயரை மாற்றிக்கொள்ள வழி செய்தது. நாட்டுக்காக உழைத்தவர் தம் பெயரிலேயே ஓய்வூதியம் பெறுவது சலுகை ஆகாது, உரிமையே ஆகும்.

பிற நாடுகளில்

அமெரிக்காவில் 1946ஆம் ஆண்டுச் சட்டத்தின் அடிப்படையில், படைப்பதிவுகளைத் திருத்தக் குடிமக்களைக் கொண்ட வாரியங்கள் அமைந்தன. பிழையை அறிந்த மூன்று ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பது பொது விதி. நீதியின் பொருட்டு வாரியம் இதைத் தளர்த்தலாம். விடுவிப்புச் சான்றிதழ் அன்றைய நிலையைக் காட்டும் வரலாற்று ஆவணம், பிற்கால மாற்றம் அதில் ஏறக்கூடாது என்ற வாதம் அங்கு நெடுநாள் நிலவியது. 2014இல் தரைப்படை வாரியம் திருநர் சிலருக்குப் புதிய பெயரில் சான்றிதழ் வழங்க இசைந்து அந்நிலையைத் தளர்த்தியது. 1973 ஜூலை 12 அன்று செயின்ட் லூயிஸ் ஆவணக் காப்பகத்தில் பற்றிய தீயில் சுமார் 1.6 கோடி முதல் 1.8 கோடி வரையிலான கோப்புகள் எரிந்தன. அவற்றுக்கு உரியவர்கள் தம் பணியை வேறு சான்றுகளால் நிறுவ நேர்ந்தது.

பிரிட்டனில் முதல் உலகப்போரின்போது பலர் மாற்றுப் பெயரில் படையில் சேர்ந்தனர். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவேடுகள் அத்தகையோரின் உண்மைப் பெயரையும் பணிப்பெயரையும் சேர்த்தே குறிக்கின்றன. பழைய பெயரை அழிக்காமல் உரிய பெயரை ஏற்கும் இம்முறை, வரலாறு, உரிமை இரண்டுக்கும் நியாயம் செய்கிறது.

குடும்பத்தார் கவனத்துக்கு

வீரர் உயிரோடு இருக்கையில் பெயர்ப் பிழை வெறும் அலைச்சல். அவர் மறைந்தபின் அதுவே மனைவியின் மாத வருமானத்தை நிறுத்தி வைக்கும் தடை. பதிவேட்டிலுள்ள பெண் தாமே என்று நிறுவும் சுமை கணவரை இழந்தவர்மேல் விழுகிறது. வீரரின் கையொப்பத்தோடு செல்லும் விண்ணப்பத்துக்கு உள்ள வலு, அவருக்குப்பின் செல்லும் எந்த மனுவுக்கும் இல்லை. ஆகவே ஓய்வூதியம் பெறுவோர் ஒவ்வொருவரும் டிஸ்சார்ஜ் புக், பி.பி.ஓ., ஆதார், பான், வங்கிக் கணக்கு, மனைவியின் ஆவணங்கள் ஆகியவற்றை அருகருகே வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு, வேறுபாடு கண்டால் தாம் இருக்கும்போதே திருத்திக்கொள்ள வேண்டும்.