காவல் நிலையமும் குடிமக்களும்



சாலையிலே செல்லுகின்ற ஒருவரைக் காவலர் கை காட்டி நிறுத்துகிறார். நிறுத்தப்பட்டவர் குற்றம் ஏதும் அறியாதவராயினும் அவர் நெஞ்சு ஒரு கணம் துணுக்குறுகிறது. அரசாங்கத்தின் வேறு எந்த ஊழியரைக் கண்டும் நமக்கு இத்தகைய அச்சம் உண்டாவதில்லை. இதற்குக் காரணம் வரலாற்றில் இருக்கிறது. இதற்கு மருந்தும் அவ்வரலாற்றிலேயே இருக்கிறது. நிறுத்தப்பட்ட மனிதனைக் காக்கும் சட்டங்களுள் முதன்மையான ஒன்று, ஏறத்தாழ நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன்பு நம் சென்னை மாகாணத்துக் குடியானவர்கள் துணிந்து செய்த முறையீட்டோடு தொடர்புடையது. அந்த வரலாற்றை இன்று சுருக்கமாகக் காண்போம்.

காவல் என்பது நம் நாட்டிற்குப் புதியதன்று. சோழர் காலத்துக் கல்வெட்டுகளிலே ‘பாடிகாவல்’ என்னும் வரி குறிக்கப்படுகிறது; ஊரைக் காப்பதற்கென மக்கள் செலுத்தியது அது. பிற்காலத்தில் ஊர்தோறும் தலையாரி இருந்தார். தென் மாவட்டங்களிலே காவல்காரர்கள் ஊராரிடம் கூலி பெற்றுக் கொண்டு காவல் புரிந்தனர். களவு போன பொருளைக் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டும். இல்லையேல் அதற்கு ஈடு செய்ய வேண்டும் என்பது அவர்களது பொறுப்பு. காப்பவன் ஊருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருந்தான் என்பது இம்முறையின் சிறப்பு. ஆனால் கூலி கொடுக்க மறுத்த வீட்டிலே களவு நிகழ்வதும், மாடு பிடித்துச் சென்றவர்களிடமே ‘துப்புக்கூலி’ கொடுத்து மாட்டை மீட்பதும் இம்முறையின் இழுக்காக அமைந்தன.

கும்பினியார் ஆட்சியிலே 1816-ஆம் ஆண்டின் 11-ஆவது ஒழுங்குமுறைச் சட்டம் காவல் பொறுப்பை நீதிபதிகளிடமிருந்து கலெக்டர்களுக்கு மாற்றியது. கலெக்டருக்குக் கீழே தாசில்தாரும், ஊரிலே கிராமத் தலைவரும் காவல் அதிகாரிகள் ஆயினர். செலவு குறைந்தது, நிருவாகமும் எளிதாயிற்று. ஆயின் நேர்ந்த விளைவு யாது? நிலவரி தண்டுகின்ற கையிலேயே பிடித்து அடைக்கும் அதிகாரமும் சேர்ந்துவிட்டது. வரி கட்ட இயலாத உழவன் முறையிட விரும்பினால், தன்னை வருத்தியவரிடமே சென்று முறையிட வேண்டிய நிலை உண்டாயிற்று.

இக்கொடுமை 1854-ஆம் ஆண்டில் இங்கிலாந்துப் பாராளுமன்றத்தில் பேசப்பட்டது. அதன்பின் எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்னும் மூவர் அடங்கிய விசாரணைக் குழு ஒன்று சென்னையில் அமைக்கப்பட்டது. குழுவின் அறிவிப்பைக் கேட்ட மக்கள் நேரிலும் கடிதத்திலும் 1,900-க்கு மேற்பட்ட முறையீடுகளைச் செய்தனர். புகைவண்டியில்லாத அக்காலத்தில், நெடுந்தொலைவிலிருந்தும் எளிய மக்கள் சென்னைக்கு வந்து தமக்கு நேர்ந்ததைக் கூறினர். விரல்களை மரக்கட்டைகளுக்கு இடையே வைத்து நெருக்கும் ‘கிட்டி’, கழுத்தையும் காலையும் கயிற்றால் பிணைத்துக் குனிந்தவாறே நிறுத்தி வைத்தல் முதலிய கொடுமைகள் 1855-ஆம் ஆண்டு அறிக்கையிலே பதிவாயின. வரி தண்டுவதற்கும், குற்றத்தை ஒப்புக்கொள்ளச் செய்வதற்கும் இவை கையாளப்பட்டன. இவ்வறிக்கையைக் குறித்துக் கார்ல் மார்க்ஸ் 1857-ஆம் ஆண்டில் அமெரிக்கப் பத்திரிகை ஒன்றிலே எழுதினார்.

மேலதிகாரிகளான வெள்ளையர்மீது பழி விழாதவாறு அக்குழு பார்த்துக் கொண்டது உண்மையே. எனினும் இரண்டு நற்பயன்கள் தொடர்ந்தன. முதலாவது, 1859-ஆம் ஆண்டின் 24-ஆவது சட்டம். அது வரி தண்டும் வேலையினின்றும் பிரிந்த தனிக் காவல் துறையை மாகாணத்தில் நிறுவியது. இந்தியா முழுமைக்குமான காவல் சட்டம் வந்தது அதன் பின்னரே, 1861-இல். இரண்டாவது, காவல் அதிகாரியிடம் ஒருவர் அளிக்கும் குற்ற ஒப்புதலை அவருக்கு எதிரான சான்றாக ஏற்கலாகாது என்னும் விதி. இது 1861-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் தோன்றி, 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் நிலைபெற்று, 2023-ஆம் ஆண்டின் பாரதிய சாக்ஷிய அதினியத்திலும் இடம்பெற்றுள்ளது. அடித்துப் பெற்ற சொல்லுக்கு நீதிமன்றத்திலே மதிப்பில்லை என்றால் அடிப்பதற்குரிய காரணமும் குறையுமன்றோ? இதுவே அவ்விதியின் கருத்து.

நாடு விடுதலை பெற்றபின் 1949 செப்டம்பரில் டாக்டர் அம்பேத்கர் அரசியல் நிர்ணய சபையில் கொணர்ந்த பிரிவொன்று, அரசமைப்பின் 22-ஆம் உறுப்பாக மலர்ந்தது. கைது செய்யப்பட்டவர்க்குக் காரணத்தைத் தெரிவிக்க வேண்டும். வழக்கறிஞரைக் கலந்து பேச விட வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர்முன் நிறுத்த வேண்டும் என்று அது கூறுகிறது. தடுப்புக் காவல் சட்டங்கள் இதற்கு விலக்கு. பின்னர் 1986-இல் மேற்கு வங்கத்திலிருந்து டி.கே. பாசு என்பார், காவலில் நேரும் மரணங்கள் குறித்து உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். நீதிமன்றம் அக்கடிதத்தையே மனுவாக ஏற்று, 1996 டிசம்பரில் 11 நெறிகளை வகுத்தது. 1854-இல் முறையீடு பயன் தந்தது போலவே, இங்கும் ஒரு கடிதம் பயன் தந்தது.

இனி, நடைமுறைக்கு வருவோம். காவலர் நிறுத்தினால் ஓடற்க, வாதாடற்க. வண்டி ஓட்டுவோரிடம் சீருடை அணிந்த காவலர் உரிமத்தைக் கேட்டால், அதைக் காட்ட வேண்டுவது 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி கடமை. கைப்பேசியில் டிஜிலாக்கர் வழியாகக் காட்டினும் செல்லும். பெயரும் முகவரியும் கேட்டால் உண்மையைக் கூறுக. பொய்ப் பெயர் சொல்வது சிறிய செய்தியைப் பெரிதாக்கிவிடும். வேறிடத்துக்கு வருமாறு அழைத்தால், “ஐயா, என்னைக் கைது செய்கிறீர்களா, அல்லது விசாரணைக்கு அழைக்கிறீர்களா?” என்று பணிவோடு கேட்கலாம். அவ்வாறு கேட்பது குற்றமாகாது.

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா இதற்கு வழி வகுத்துள்ளது. கைது செய்பவர் தம் பெயர் தெளிவாகத் தெரியும் அடையாளத்தை அணிந்திருத்தல் வேண்டும். கைதுக் குறிப்பு எழுதி, குடும்பத்தினர் ஒருவரோ ஊரில் மதிப்புடைய ஒருவரோ சான்றொப்பமிட வேண்டும். உறவினர்க்கோ நண்பர்க்கோ செய்தி சொல்ல வேண்டும். சூரியன் மறைந்தபின் விடியும்வரை பெண்களைக் கைது செய்யலாகாது. விதிவிலக்கான நிலையில் பெண் அதிகாரியே, நடுவரின் முன் அனுமதி பெற்றுச் செய்ய வேண்டும். சாட்சி கூறுவதற்காக 15 வயது நிரம்பாத சிறுவரையும், பெண்களையும், 60 வயதைக் கடந்த என்போன்றோரையும் நிலையத்துக்கு அழைத்தல் கூடாது. இல்லத்துக்கு வந்தே வினவ வேண்டும். 18 வயது நிரம்பாதவரைக் காவல் நிலைய அறையில் அடைத்தலை 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் தடுக்கிறது. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லுமாறு குற்றம் சாட்டப்பட்ட எவரையும் வற்புறுத்தலாகாது என்பது அரசமைப்பின் 20-ஆம் உறுப்பு. வழக்கறிஞருக்குப் பொருள் இல்லாதவர் 15100 என்னும் எண்ணில் இலவசச் சட்ட உதவி கேட்கலாம்.

காவல் நிலையம் நிறுத்துவதற்கும் பிடிப்பதற்கும் மட்டும் உரியதன்று. ஆபத்தில் 100 அல்லது 112 என்னும் எண்ணை அழைக்கலாம். குழந்தைகள் நலனுக்கு 1098, பெண்கள் உதவிக்கு 181, இணையவழிப் பண மோசடிக்கு 1930 ஆகிய எண்களை மனத்தில் பதித்துக் கொள்க. குற்றம் எங்கு நிகழ்ந்திருப்பினும் எந்த நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றமாயின் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்தே தீரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் தீர்ப்பளித்தது. அதன் படியைப் புகார் தந்தவர் கட்டணமின்றிப் பெறலாம். நிலையத்தார் பதிய மறுத்தால் மாவட்டக் கண்காணிப்பாளருக்கு எழுதலாம். அதற்கும் பயனில்லையேல் நடுவரிடம் செல்லலாம். பெண்கள் தயக்கமின்றி வருவதற்காகத் தமிழ்நாட்டில் மகளிர் காவல் நிலையம் முதன்முதலாக 1992-இல் சென்னை ஆயிரம் விளக்கில் திறக்கப்பட்டது.

இத்தனை விதிகள் இருந்தும் 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் காவலில் வைக்கப்பட்ட தந்தையும் மகனும் உயிரிழந்தனர். அவ்வாண்டு டிசம்பரில் ஒவ்வொரு காவல் நிலையத்திலும் கண்காணிப்புக் கேமராக்கள் பொருத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. ஏட்டிலுள்ள சட்டம் தானாக எழுந்து வந்து எவரையும் காப்பதில்லை; அறிந்தவர் கேட்கும்போதுதான் அது காக்கிறது. வெயிலிலும் மழையிலும் தெருமுனையிலே நின்று, திருவிழாவிலும் வெள்ளத்திலும் நமக்காக உழைக்கின்ற காவலர்கள் பல்லாயிரவர். அவர்களுக்கு உரிய மதிப்பைத் தருவோம். நமக்கு உரிய உரிமையையும் அறிந்திருப்போம். உங்கள் வீட்டிலோ தெருவிலோ எழுதப் படிக்கத் தெரியாத முதியவர்கள் இருப்பார்கள். இன்று கேட்டவற்றை அவர்களுக்கும் எடுத்துச் சொல்லுங்கள். கற்ற பிள்ளைகளால் ஊருக்கு ஆகவேண்டிய பணிகளுள் இதுவும் ஒன்று.