முதுமலை சஃபாரி: குடும்பத்தோடு கிளம்புமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை

தொலைக்காட்சியில் ஆப்பிரிக்கக் காட்டைப் பார்த்த பிள்ளைகள் "நாமும் சஃபாரி போகலாமா அத்தா?" என்று கேட்காத வீடு இப்போது குறைவு. எம்.கே.பி. நகரிலும் இராயபுரத்திலும் இருக்கும் பெரும்பாலான குடும்பங்களுக்குக் கென்யா பயணம் எட்டாத தூரம். ஆனால் இரவு ரயில் ஏறினால் மறுநாள் எட்டிவிடக்கூடிய தூரத்தில் முதுமலை இருக்கிறது. ஆண்டுத் தேர்வு முடிந்ததும் இதைப் பற்றி விசாரிப்பவர்கள் அதிகம் என்பதால் விவரங்களை ஒரே இடத்தில் தொகுத்துத் தருகிறோம். எதைப் பார்க்கலாம் என்பதோடு, எதில் ஏமாறக்கூடாது என்பதும் இதில் உண்டு.

எப்படிப்பட்ட காடு?

நீலகிரி மாவட்டத்தில், தமிழ்நாடு, கர்நாடகம், கேரளம் மூன்றும் சந்திக்கும் இடத்தில் இருக்கிறது முதுமலை. 1940-ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. தென்னிந்தியாவின் முதல் வனவிலங்கு சரணாலயம் இதுதான். 2007-ல் புலிகள் காப்பகமானது. உள்வட்டக் காடு 321 சதுர கி.மீ.; வெளிவட்டத்தையும் சேர்த்தால் சுமார் 688 சதுர கி.மீ. வடக்கே பந்திப்பூர், மேற்கே வயநாடு என்று காடு தொடர்ந்து போகிறது. உலகில் ஆசிய யானைகள் மிக அதிகமாக வாழும் நிலப்பரப்பு இது.

கென்யாவின் மசாய் மாரா சுமார் 1,500 சதுர கி.மீ. பரந்த புல்வெளி. அங்கே வெகு தூரத்தில் வரும் சிங்கமும் கண்ணில் படும். முதுமலை அப்படியல்ல. மரமும் மூங்கிலும் உண்ணிச் செடிப் புதரும் மறைக்கும் காடு. பத்தடி தள்ளிப் புலி படுத்திருந்தாலும் தெரியாமல் போகலாம். யானை, புள்ளிமான், கடமான், காட்டெருமை, மந்தி, மயில் இவற்றைப் பார்க்க நல்ல வாய்ப்பு உண்டு. செந்நாய்க் கூட்டம் கண்ணில் பட்டால் அது பெரிய பேறு. புலி, சிறுத்தை என்று யாராவது உத்தரவாதம் கொடுத்தால் நம்ப வேண்டாம். பிள்ளைகளிடமும் இதை முன்பே சொல்லி அழைத்துப் போனால் ஏமாற்றம் இருக்காது.

எப்போது போவது?

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. கூடலூர் பக்கம் நன்றாகப் பெய்யும். மசினகுடி, மாயாறு பக்கம் மழைமறைவுப் பகுதி என்பதால் குறைவு. மழைக்குப் பிந்தைய மாதங்களில் காடு பச்சையாக, பார்க்க அழகாக இருக்கும். பிப்ரவரி முதல் மே வரை வறட்சி. இலை உதிர்ந்து பார்வை தெளிவாக இருக்கும். விலங்குகள் தண்ணீர் தேடி நீர்நிலைகளுக்கு வரும். ஆனால் இதே காலத்தில்தான் காட்டுத்தீ அபாயமும் அதிகம். சில ஆண்டுகளில் அதற்காகவே சஃபாரியை நிறுத்திவைப்பார்கள். ரயில் டிக்கெட் எடுக்கும் முன் சஃபாரி நடக்கிறதா என்று வனத்துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எப்படிப் போவது?

சென்ட்ரலில் இருந்து இரவு கிளம்பும் நீலகிரி எக்ஸ்பிரஸ் காலையில் மேட்டுப்பாளையம் சேரும். அங்கிருந்து ஊட்டி சுமார் 50 கி.மீ. ஊட்டியிலிருந்து கூடலூர் வழியாகத் தெப்பக்காடு 65 கி.மீ.க்குச் சற்று மேல். இன்னொரு வழி, இரவு காவேரி எக்ஸ்பிரஸில் மைசூர் போய் அங்கிருந்து ஊட்டி பஸ் ஏறுவது. குண்டல்பேட்டை, பந்திப்பூர் தாண்டித் தெப்பக்காடு வழியாகத்தான் அந்த பஸ் போகும். வழியிலேயே யானை, மான் தென்படுவது சாதாரணம்.

சொந்தக் காரிலோ வாடகை வேனிலோ போனால் இ-பாஸ் கட்டாயம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. 2025-ல் கோடைக்காலத்துக்கு வார நாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று வரம்பும் வைத்தார்கள். எனவே மே மாத சனி, ஞாயிறு என்றால் முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். அரசு பஸ்ஸில் போவோருக்கு இ-பாஸ் வேண்டாம்.

காட்டுச் சாலையில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்துத் தடை உண்டு. 8:55-க்குச் செக்போஸ்ட்டைப் பிடித்துவிடலாம் என்று வேகமாக ஓட்டாதீர்கள். அடிபட்டுச் சாகும் விலங்குகளுக்காகத்தான் அந்தத் தடையே வந்தது.

கல்லட்டி மலைப்பாதை: அவசியம் படியுங்கள்

ஊட்டியிலிருந்து மசினகுடிக்குக் கல்லட்டி வழியாகப் போனால் தூரம் பாதிதான் என்று கைப்பேசி வரைபடம் காட்டும். அந்தப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். சரிவு மிகக் கடுமை. 2018 அக்டோபரில் சென்னையிலிருந்து சுற்றுலா போன 7 பேரின் கார் அங்கே பள்ளத்தில் உருண்டது. 5 பேர் இறந்தார்கள். விபத்து நடந்ததே இரண்டு நாள் கழித்துத்தான் வெளியே தெரிந்தது. அதன் பிறகு வெளி மாவட்ட வண்டிகள் அந்தப் பாதையில் கீழே இறங்கத் தடை இருக்கிறது. சமவெளியில் ஓட்டிப் பழகியவர்கள் இறக்கத்தில் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வருவார்கள். அது சூடேறிப் பிடிக்காமல் போகும். முதல், இரண்டாம் கியரிலேயே இறங்க வேண்டும். நீங்கள் கூடலூர் வழியே போங்கள். ஒரு மணி நேரம் கூடுதலானாலும் பரவாயில்லை.

சஃபாரி டிக்கெட்

காட்டுக்குள் சொந்த வண்டிக்கு அனுமதி இல்லை. தெப்பக்காட்டில் இருக்கும் வனத்துறை வரவேற்பு மையத்திலிருந்து துறையின் சொந்த வேன்களும் ஜீப்புகளும் காலை, மாலை இரு வேளையும் போகும். காப்பகத்தின் இணையதளத்திலும் பதிவு செய்யலாம். ஒரு சுற்று ஏறக்குறைய ஒரு மணி நேரம். முதல் காலைச் சுற்றுக்கு இடம் பிடிப்பது நல்லது; வெயில் ஏறினால் விலங்குகள் நிழலுக்குள் போய்விடும்.

மசினகுடி கடைத்தெருவில் "நைட் சஃபாரி போகலாம் பாய்" என்று அழைப்பார்கள். இருட்டில் விளக்கடித்து விலங்கைத் தேடுவது சட்டத்துக்கு விரோதம். பிடிபட்டால் வண்டியில் இருக்கும் நீங்களும் அபராதம் கட்ட வேண்டிவரும். அதைவிட, குட்டியோடு நிற்கும் யானை முன் குடும்பத்தைக் கொண்டுபோய் நிறுத்துவது எவ்வளவு பெரிய ஆபத்து!

எங்கே தங்குவது?

தெப்பக்காடு, மசினகுடி பகுதிகளில் வனத்துறையின் விடுதிகள் உள்ளன, முன்பதிவு தேவை. தனியார் விடுதி என்றால் கொஞ்சம் விசாரித்துத்தான் தங்க வேண்டும்.

மசினகுடியைச் சுற்றியுள்ள சீகூர் பகுதி யானைகளின் வழித்தடம். கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் இடையே யானைகள் போய்வரும் குறுகிய பாதை அது. அதன்மேல் விடுதிகள் முளைத்தன, மின்வேலிகள் வந்தன. 2018-ல் உச்ச நீதிமன்றம் அங்கே 27 விடுதிகளை மூட உத்தரவிட்டது. 2020 அக்டோபரில் வழித்தட அறிவிப்பு செல்லும் என்று தீர்ப்பளித்தது. மூன்று மாதம்கூட ஆகவில்லை. மசினகுடியில் ஒரு தங்குமிடத்தின் அருகே வந்த காட்டு யானை மீது எரியும் பொருளை வீசினார்கள். அது காதில் சிக்கி எரிந்தது. அந்தக் காணொளியை அப்போது பலரும் பார்த்திருப்பீர்கள். காயத்தோடு அலைந்த அந்த யானை 2021 ஜனவரி 19 அன்று இறந்துபோனது.

தங்குமிடம் பதிவு செய்யும் ஒவ்வொரு குடும்பமும் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். நம் பணம்தான் அந்த வேலிகளைக் கட்டுகிறது. ஆகவே மூன்று கேள்விகள் கேளுங்கள்: உள்ளாட்சியின் உரிமம் இருக்கிறதா? யானை வழித்தடத்துக்கு வெளியே இருக்கிறதா? இரவு சஃபாரி, ஒலிபெருக்கி, தீமூட்டிக் கொண்டாட்டம் எல்லாம் உண்டு என்று விளம்பரம் செய்கிறார்களா? முதல் இரண்டுக்கு மழுப்பலான பதிலோ, மூன்றாவதற்கு "உண்டு" என்ற பதிலோ வந்தால் வேறு இடம் பாருங்கள். தாகத்தால் தவித்த நாய்க்குத் தண்ணீர் கொடுத்தவர் மன்னிக்கப்பட்டதையும், பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினியால் சாகவிட்ட பெண் தண்டிக்கப்பட்டதையும் மக்தபில் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம். அந்தப் பாடத்துக்கு இங்கே நேரடியாக வேலை இருக்கிறது.

தொழுகையும் உணவும்

காட்டுக்குள் வண்டியை விட்டு இறங்க முடியாது. எனவே தொழுகை நேரத்தைப் பார்த்துச் சுற்றைத் தேர்ந்தெடுங்கள். ஃபஜ்ர் தொழுதுவிட்டுக் காலைச் சுற்றுக்குப் போகலாம். மாலைச் சுற்றில்தான் அஸர் இடிக்கும். பயணிகள் நான்கு ரக்அத் தொழுகைகளைச் சுருக்கித் தொழலாம். ஷாஃபி மத்ஹபினர் லுஹரையும் அஸரையும் சேர்த்து முன்னரே தொழுதுகொள்ளலாம். ஹனஃபி மத்ஹபினர் அஸர் நேரத்துக்கு முன் முடியும் சுற்றையோ, தொழுதபின் ஏறக்கூடிய சுற்றையோ எடுங்கள். கூடலூரில் பள்ளிவாசல்களும் ஹலால் உணவகங்களும் தாராளம். வெள்ளிக்கிழமை என்றால் ஜுமுஆவை அங்கே வைத்துக்கொள்ளலாம்.

நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை. ஸ்டீல் பாட்டிலில் தண்ணீர் எடுத்துப் போங்கள். சாலையோரக் குரங்குகளுக்குச் சிப்ஸ், பிரியாணி எதுவும் போட வேண்டாம். அது குற்றம்; குரங்குகளையும் சாலைக்கு இழுத்துச் சாகவைக்கும்.

காட்டுக்குள் போகும்போது மங்கிய நிறத் துணி, மெதுவான பேச்சு. அன்றைக்கு மட்டும் அத்தர் வேண்டாம். கைப்பேசியை ஒலியடக்கி வைத்துவிட்டுக் காதைத் தீட்டுங்கள். மானோ மந்தியோ திடீரென்று விடாமல் கத்தினால் பக்கத்தில் புலியோ சிறுத்தையோ நடமாடலாம்.

யானைகள் முகாம்

தெப்பக்காடு யானைகள் முகாமைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் காட்டுங்கள். முன்பு மரம் இழுத்த யானைகளின் முகாம் இது. இப்போது தாயை இழந்த குட்டிகளும், ஊருக்குள் புகுந்து பிடிபட்ட யானைகளும் இங்கே வளர்கின்றன. காலையிலும் மாலையிலும் ராகி, கொள்ளு, வெல்லம் சேர்த்த கவளம் ஊட்டுவார்கள். 2023-ல் ஆஸ்கர் வென்ற 'தி எலிஃபண்ட் விஸ்பரர்ஸ்' ஆவணப்படம் இங்கேதான் எடுக்கப்பட்டது. அதில் வரும் பெள்ளி, அதே ஆண்டு தமிழகத்தின் முதல் பெண் காவடியாக அரசால் நியமிக்கப்பட்டார்.

ஆப்பிரிக்காவே போக வாய்ப்பு வந்தால்

கென்யா, உகாண்டா போன்ற நாடுகளுக்குப் போவோர் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டு, சான்றிதழும் வைத்திருக்க வேண்டும். ஊசி போட்டு 10 நாள் கழித்தே அது செல்லுபடியாகும்; பிறகு ஆயுள் முழுவதற்கும் போதும். சான்றிதழ் இல்லாமல் திரும்பினால் இந்திய விமான நிலையத்தில் 6 நாள் வரை தனிமைப்படுத்துவார்கள். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலும், நமக்குப் பக்கத்திலேயே ராஜாஜி சாலையில் உள்ள துறைமுகச் சுகாதார அலுவலகத்திலும் ஊசி போடுகிறார்கள். நாள் கேட்டுக்கொண்டு போங்கள். 9 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகள், கர்ப்பிணிகள், 60 வயதைத் தாண்டியவர்கள், முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள் முதலில் மருத்துவரிடம் பேச வேண்டும்.

அந்த வாய்ப்பு வரும்போது வரட்டும். இந்த விடுமுறைக்கு முதுமலை போதும். புலி தென்படாமல் திரும்பினாலும், நம்மால் ஒரு விலங்குக்கும் தொல்லை நேராமல் திரும்பினால் அது நல்ல பயணம்தான், இன்ஷா அல்லாஹ்.